மண்பட்டி வைத்தியம் செய்த மகாத்மா

(நமது கிங்ஸ் சர்க்கிள் நிருபர்)

உடம்புக்கு முடியவில்லை என்றால் நம்மவர்களில் இரண்டு கட்சி உண்டு. ஒரு கட்சி, கிங்ஸ் சர்க்கிளிலிருந்து நடந்தே சயான் ஆஸ்பத்திரிக்குப் போய், காலையிலேயே சீட்டு வாங்கும் வரிசையில் நின்றுவிடும். இன்னொரு கட்சி, ஊசியும் மாத்திரையும் உடம்பைக் கெடுத்துவிடும் என்று சொல்லி, பட்டினி கிடந்தும், எலுமிச்சம்பழச் சாறு குடித்தும், ஈரத்துணி கட்டியும் பார்க்கும். இரண்டு கட்சியும் ஒரே வீட்டுக்குள் இருந்துவிட்டால் நோயாளியின் பாடு திண்டாட்டம்தான்.

இந்த வழக்கு இன்று நேற்று வந்ததல்ல. அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஒரே மனிதரின் வாழ்க்கைக்குள் நடந்த வழக்கு இது. அவர்தான் மகாத்மா காந்தி. உப்பு சத்தியாக்கிரகமும் கதர் ராட்டையும் எல்லோருக்கும் தெரியும். தந்தை, மனைவி, பிள்ளைகள், தாம் என்று ஒவ்வொருவரும் படுக்கையில் விழுந்தபோது அவர் என்ன செய்தார் என்பது பலருக்குத் தெரியாது. அந்தக் கதையின் முக்கியமான கட்டங்கள் பல நம் பம்பாயிலும் புனாவிலும் நடந்தவை.

தந்தையின் கட்டிலருகே

மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி 1869-ம் ஆண்டு அக்டோபர் 2-ந் தேதி போர்பந்தரில் பிறந்தார். தந்தை கரம்சந்த் காந்தி சமஸ்தானத்துத் திவான். தமது கடைசிக் காலத்தில் அவர் பவுத்திர நோயால் படுத்த படுக்கையானார். வைத்தியர்கள் களிம்பு போட்டார்கள். ஹக்கீம்கள் பற்றுப் போட்டார்கள். நாட்டு மருந்துக்காரர்களும் வந்து போனார்கள். ஒன்றும் கேட்கவில்லை.

கடைசியில் ஆபரேஷன்தான் வழி என்று ஒரு வெள்ளைக்கார டாக்டர் சொன்னார். பம்பாயில் பெயர் பெற்ற ஒரு டாக்டர் அதைச் செய்வதாக ஏற்பாடு. ஆனால் இந்த வயதில் கத்தி வைப்பது கூடாது என்று குடும்ப வைத்தியர் தடுத்துவிட்டார். ஆபரேஷனுக்கு வாங்கிய மருந்துகள் வீணாயின. 1885-ல் தந்தை காலமானார். மோகன்தாசுக்கு அப்போது வயது 16. தினமும் இரவில் தந்தையின் காலைப் பிடித்துவிட்டு, புண்ணுக்குக் கட்டுப் போட்டு, மருந்து கலந்து கொடுத்தவர் அவர்தான்.

குடும்ப வைத்தியர் சம்மதித்திருந்தால் புண் ஆறியிருக்கும் என்ற எண்ணம் காந்திக்கு நெடுநாள் இருந்தது. பிற்காலத்தில் எழுதிய சுயசரிதையிலும் அதைச் சொல்லியிருக்கிறார். பின்னாளில் டாக்டர்களை அவ்வளவு கடுமையாகத் தாக்கியவர், தமது வாழ்வின் முதல் பெரிய துக்கத்தில் ஆபரேஷன் நடக்கவில்லையே என்று ஏங்கியவர் என்பதை மறக்கக் கூடாது.

மெட்ரிகுலேஷன் முடித்ததும் அவருக்கு டாக்டருக்குப் படிக்க ஆசை இருந்தது. வைஷ்ணவக் குடும்பத்தில் பிறந்தவன் பிணத்தை அறுக்கலாமா, தந்தைக்கே இது பிடிக்காதே என்று தமையனார் மறுத்தார். 1888-ல் சட்டம் படிக்க லண்டனுக்குக் கப்பல் ஏறினார். நாட்டுக்கு ஒரு டாக்டர் கிடைக்காமல் பாரிஸ்டர் கிடைத்தார்.

கம்பவுண்டர் வேலை

1893-ல் வழக்கு ஒன்றுக்காகத் தென்னாப்பிரிக்கா சென்றார். அடுத்த ஆண்டு பாலசுந்தரம் என்ற தமிழர் அவர் முன் வந்து நின்றார். ஒப்பந்தக் கூலி. முதலாளி அடித்ததில் முன்பற்கள் இரண்டு உடைந்து, வாயில் ரத்தம் ஒழுகிக் கொண்டிருந்தது. காந்தி முதலில் அவரை ஒரு டாக்டரிடம் அனுப்பி, காயத்துக்குச் சர்ட்டிபிகேட் வாங்கினார். அதை எடுத்துக்கொண்டுதான் மாஜிஸ்டிரேட்டிடம் போனார். அந்தச் சேதி பரவிய பிறகு ஒப்பந்தத் தொழிலாளர்கள் அவரைத் தேடி வர ஆரம்பித்தார்கள்.

பிறகு டர்பன் நகரில் பார்சி ருஸ்தம்ஜியின் நன்கொடையில் ஒரு சிறிய தர்ம ஆஸ்பத்திரி நடந்தது. டாக்டர் பூத் என்ற பாதிரியார் அதைக் கவனித்தார். காந்தி வக்கீல் வேலைக்கு நடுவே தினமும் காலையில் ஒன்றிரண்டு மணி நேரம் அங்கே போய், நோயாளியின் குறையைக் கேட்டு டாக்டரிடம் சொல்லி, எழுதிக் கொடுத்த மருந்தைக் கலந்து கொடுப்பார். சம்பளமில்லாத கம்பவுண்டர். வந்த நோயாளிகளில் பெரும்பாலோர் தமிழர், தெலுங்கர், வட இந்தியக் கூலிகள். நம் முன்னோர் எத்தனை பேர் அவர் கையால் மருந்து வாங்கிக் குடித்தார்களோ!

1900-ம் ஆண்டு மே மாதம் கஸ்தூரிபாய்க்குப் பிரசவ வலி கண்டது. டாக்டரும் உடனே கிடைக்கவில்லை, மருத்துவச்சியும் கிடைக்கவில்லை. பிரசவம், குழந்தை வளர்ப்பு பற்றி ஒரு டாக்டர் எழுதிய புத்தகத்தைக் காந்தி முன்கூட்டியே கவனமாகப் படித்து வைத்திருந்தார். தாமே பிரசவம் பார்த்தார். பிறந்தவர் கடைசி மகன் தேவதாஸ். இந்தத் தேவதாஸ் கதையின் முடிவில் மறுபடியும் வருவார்.

சாந்தாகுரூஸ் சீசன் டிக்கெட்

1902-ல் காந்தி பம்பாயில் வக்கீல் தொழில் செய்து பார்த்தார். கிர்காமில் வாடகை வீடு. குடிவந்த சில நாளிலேயே இரண்டாவது மகன் மணிலாலுக்குக் கடும் ஜுரம். வயது பத்து. டைபாய்டுடன் நிமோனியாவும் சேர்ந்துகொண்டது. இரவில் ஜன்னி கண்டு பிதற்றினான்.

பார்சி டாக்டர் ஒருவர் வந்து பார்த்தார். மருந்தால் பெரிய பயன் இராது, முட்டையும் கோழி சூப்பும் கொடுங்கள் என்றார். சைவ உணவில் உறுதியாக இருந்த காந்தி மறுத்தார். ஜெர்மனியில் லீப்சிக் நகரத்தைச் சேர்ந்த லூயி கூனே என்பவர் எழுதிய தண்ணீர் வைத்தியப் புத்தகத்தை அவர் படித்திருந்தார். அதன்படி பையனைத் தொட்டியில் இடுப்பளவு தண்ணீரில் மூன்று நிமிடத்துக்கு மேல் போகாமல் உட்கார வைத்தார். மூன்று நாள் தண்ணீர் கலந்த ஆரஞ்சுச் சாறு மட்டும் கொடுத்தார். ஜுரம் 104 டிகிரியில் நின்றது.

தகப்பன் மனம் தடுமாறியது. பிள்ளையின் உயிரை வைத்துத் தாம் சோதனை செய்யலாமா, ஊர் என்ன சொல்லும் என்று கலங்கினார். ஒரு துணியை நனைத்துப் பிழிந்து, தலையை விட்டு உடம்பெல்லாம் சுற்றி, மேலே கம்பளி போர்த்தினார். தலையில் ஈரத்துண்டு. உடம்பு காய்ந்த இரும்பாகக் கொதித்தது. இரவு பத்து மணிக்குத் தாயைப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு, சவுபாத்திக் கடற்கரைக்குக் கால் போன போக்கில் போனார். ராம நாமம் சொல்லிக் கொண்டே நடந்தார். திரும்பி வந்தபோது பையனுக்கு வியர்த்துக் கொட்டியிருந்தது. ஜுரம் இறங்கத் தொடங்கிவிட்டது. அதன் பிறகு நாற்பது நாள் தண்ணீர் கலந்த பாலும் பழச்சாறும் கொடுத்துத் தேற்றினார்.

இதில் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். அந்தப் பார்சி டாக்டரைக் காந்தி விரட்டிவிடவில்லை. நாடியும் நெஞ்சும் பார்த்துச் சொல்லும்படி கேட்டுக் கொண்டார். தமது யோசனையை ஏற்காத வீட்டுக்கும் அந்த டாக்டர் பெருந்தன்மையாக வர ஒப்புக்கொண்டார். மற்றொன்று, 1902-ல் டைபாய்டைக் குணப்படுத்தும் மருந்து உலகத்தில் எந்த டாக்டரிடமும் கிடையாது. அதற்கான மருந்து வந்தது 1940-களின் கடைசியில்தான். அந்தக் காலத்தில் டாக்டர் வழி என்றாலும் பத்தியமும் பணிவிடையும்தான். பிள்ளை பிழைத்தது கடவுள் அருளாலா, தண்ணீர் வைத்தியத்தாலா, பத்தியத்தாலா என்று யார் சொல்ல முடியும் என்றுதான் காந்தியும் எழுதினார்.

கிர்காம் வீடு ஈரம், வெளிச்சம் போதாது என்று சாந்தாகுரூசில் நல்ல காற்றோட்டமான பங்களாவுக்குக் குடிபோனார். சாந்தாகுரூசிலிருந்து சர்ச்கேட்டுக்கு முதல் வகுப்பு சீசன் டிக்கெட் எடுத்தார். அந்தப் பெட்டியில் பல நாள் அவர் ஒருவர்தான் பிரயாணி. சில நாள் வேகவண்டி பிடிக்கப் பாந்திரா வரை நடப்பார். இன்று கிங்ஸ் சர்க்கிளில் ஏறி, மாகிம், பாந்திரா தாண்டி அதே சாந்தாகுரூசுக்குத் தொங்கிக் கொண்டு போகிறவர்கள் அந்தக் காட்சியைக் கற்பனை செய்துதான் பார்க்க வேண்டும்.

மண்பட்டி வந்த கதை

மறுபடியும் தென்னாப்பிரிக்காவிலிருந்து அழைப்பு வந்தது. ஜோகன்னஸ்பர்க்கில் இருந்தபோது காந்திக்கு மலச்சிக்கலும் தலைவலியும் தொந்தரவு கொடுத்தன. அடிக்கடி பேதி மருந்து சாப்பிடுவார். காலைப் பலகாரத்தை நிறுத்திப் பார்த்தார், தலைவலி போயிற்று. மலச்சிக்கல் போகவில்லை. அப்போது அடோல்ப் ஜஸ்ட் என்ற இன்னொரு ஜெர்மானியரின் புத்தகம் கைக்கு வந்தது. சுத்தமான மண்ணைக் குளிர்ந்த தண்ணீரில் குழைத்து, மெல்லிய துணியில் பரப்பி, படுக்கப் போகும்போது வயிற்றில் கட்ட வேண்டும். காந்தி கட்டிப் பார்த்தார், குணம் தெரிந்தது. அன்று முதல் கடைசி வரை மண்பட்டியை அவர் விடவில்லை.

1904-ல் ஜோகன்னஸ்பர்க்கில் பிளேக் நோய் வந்தது. தங்கச் சுரங்கத்தில் வேலை செய்த இந்தியத் தொழிலாளர்கள் 23 பேர் ஒரே நாளில் நோயோடு திரும்பினார்கள். காலியாகக் கிடந்த ஒரு வீட்டின் பூட்டை உடைத்து அவர்களைப் படுக்க வைத்தார்கள். டாக்டர் காட்பிரேயும் காந்தியும் சில இளைஞர்களும் இரவு பகலாகப் பணிவிடை செய்தார்கள். நோயாளிகளுக்குப் பிராந்தி கொடுக்கச் சொல்லி முனிசிபாலிட்டி ஒரு நர்சை அனுப்பியது. பிராந்தி வேண்டாம் என்று சொன்ன மூன்று பேருக்கு, டாக்டர் காட்பிரேயின் அனுமதியோடு, தலையிலும் நெஞ்சிலும் ஈரமண் பட்டி கட்டினார் காந்தி. அவர்களில் இருவர் பிழைத்தார்கள். மற்ற இருபது பேரும் இறந்தார்கள். பாவம், அந்த நர்சும் நோய் தொற்றி இறந்தார்.

மண்பட்டியில் காந்தியின் நம்பிக்கை இதனால் பல மடங்கு வளர்ந்தது. ஆனால் மூன்று பேரை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. இந்த நம்பிக்கைக்குப் பலமான ஆதாரம் இல்லை என்று காந்தியே ஒப்புக்கொண்டிருக்கிறார். பிளேக் கிருமியைக் கொல்லும் மருந்து இப்போது இருக்கிறது. காலத்தோடு கொடுத்தால் பெரும்பாலோர் பிழைத்துக் கொள்வார்கள்.

1909-ல் கப்பலில் திரும்பி வரும்போது எழுதிய இந்திய சுயராஜ்யம் என்ற சிறு நூலில், டாக்டர்களையும் ஆஸ்பத்திரிகளையும் அவர் பலமாகச் சாடினார். கண்டதைத் தின்று வயிறு கெட்டவனுக்கு டாக்டர் மாத்திரை கொடுத்துக் குணமாக்கினால், அவன் மறுபடியும் கண்டதைத் தின்பான், தன்னை அடக்கக் கற்றுக்கொள்ளமாட்டான் என்பது அவர் வாதம்.

கஸ்தூரிபாய் விட்ட உப்பும் பருப்பும்

அந்த நூலுக்குச் சற்று முன்புதான் கஸ்தூரிபாய்க்கு ரத்தப்போக்கு ஏற்பட்டு உடம்பு மிகவும் தளர்ந்திருந்தது. டர்பனில் ஒரு டாக்டர் நண்பர் ஆபரேஷன் செய்தார். உடம்பில் பலமில்லாததால் மயக்க மருந்து கொடுக்கவில்லை. அந்த அம்மாள் பல்லைக் கடித்துக் கொண்டு தாங்கினார். சில நாள் கழித்து, மாட்டு இறைச்சிச் சாறு கொடுக்காவிட்டால் உயிருக்குப் பொறுப்பில்லை என்று டாக்டர் சொன்னார். காந்தி மனைவியையே கேட்டார். செத்தாலும் அது வேண்டாம் என்று சொல்லிவிட்டார் கஸ்தூரிபாய். தூறல் மழையில், எலும்பும் தோலுமாக இருந்தவரை ரயிலில் ஏற்றிப் பீனிக்ஸ் ஆசிரமத்துக்குக் கொண்டு போனார்கள். ஸ்டேஷனிலிருந்து தூளி கட்டித் தூக்கிச் சென்றார்கள். தண்ணீர் வைத்தியத்தில் மெல்ல உடம்பு தேறியது.

பிறகு ரத்தப்போக்கு திரும்பியது. உப்பையும் பருப்பையும் விட்டுப் பார் என்றார் காந்தி. உங்களை யாராவது சொன்னால் உங்களாலும் விட முடியாது என்று மடக்கினார் கஸ்தூரிபாய். அந்த நிமிடமே ஓராண்டுக்கு இரண்டையும் விட்டதாகச் சபதம் செய்துவிட்டார் காந்தி. அந்த அம்மாள் கண்ணீர் விட்டுக் கெஞ்சியும் மாற்றவில்லை. பருப்பில்லாத சாம்பாரையும் உப்பில்லாத ரசத்தையும் நினைத்துப் பார்க்கிற தமிழ்ப் பெண்களுக்கு அந்தக் கண்ணீர் புரியும்.

ஆட்டுப்பால்

1918-ல் கேடா ஜில்லாவில் பட்டாளத்துக்கு ஆள் சேர்க்க ஊர் ஊராக நடந்தார் காந்தி. உடம்பு கெட்டுச் சீதபேதி கண்டது. மருந்து வேண்டாம் என்றார். பசு, எருமைகளிடம் கொடுமை செய்து பால் கறப்பதைக் கேள்விப்பட்டு, 1912 முதல் பாலும் விட்டிருந்தார். உடம்பு துரும்பாயிற்று. சாகப் போகிறோம் என்றே நினைத்தார்.

பம்பாய்க்கு வந்தார். ஆசனவாயில் வெடிப்பு, சகிக்க முடியாத வலி. 1919 ஜனவரியில் டாக்டர் தலால் ஆபரேஷன் செய்தார். இரும்புச் சத்து ஊசி போட்டுக்கொள்ள ஒப்புக்கொண்டார். ஆனால் பால் குடிக்காமல் உடம்பு தேறாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். சபதம் குறுக்கே நின்றது. கஸ்தூரிபாய் ஒரு வழி சொன்னார். சபதம் செய்தபோது மனதில் இருந்தது பசுவும் எருமையும்தானே, ஆட்டுப்பால் குடிக்கலாமே என்றார். டாக்டரும் பிடித்துக் கொண்டார். காந்தி குடித்தார். சபதத்தின் எழுத்தைக் காப்பாற்றினேன், உயிரைக் கொன்றேன் என்ற வருத்தம் அவருக்குக் கடைசிவரை இருந்தது. ஆனாலும் ரவுலட் சட்டத்தை எதிர்க்கும் அந்தப் பெரிய போராட்டத்துக்கு உயிரோடு எழுந்து நின்றது கத்தியாலும் ஆட்டுப்பாலாலும்தான்.

அரிக்கேன் விளக்கில் ஆபரேஷன்

1922-ல் ஆறு ஆண்டு தண்டனை பெற்று எரவாடா சிறையில் இருந்தார். 1924 ஜனவரியில் கடுமையான வயிற்றுவலி. குடல்வால் வீக்கம் என்று தெரிந்தது. புனா சாசூன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். பம்பாயிலிருந்து அவருக்கு வேண்டிய டாக்டர்களை வரவழைக்க நேரமில்லை. கர்னல் மேடக் என்ற ஆங்கிலேய சர்ஜன்தான் கத்தி வைக்க வேண்டும். காந்தி செத்துப் போனால் வெள்ளைக்காரன் கொன்றுவிட்டான் என்று நாடு கொதிக்கும். எனவே சம்மதக் கடிதம் தயாராயிற்று. அப்போது அருகில் இருந்தவர் நம் தஞ்சை ஜில்லா வலங்கைமானைச் சேர்ந்த சீனிவாச சாஸ்திரியார்.

ஜனவரி 12-ந் தேதி இரவு ஆபரேஷன் நடந்தது. நடுவில் மின்சாரம் நின்றுவிட்டது. நர்ஸ் பிடித்திருந்த டார்ச் விளக்கும் அணைந்தது. அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் கர்னல் மேடக் வேலையை முடித்தார். பிப்ரவரி 5-ந் தேதி அரசாங்கம் காந்தியை விடுதலை செய்தது. ஜூகு கடற்கரையில் தங்கி உடம்பைத் தேற்றினார்.

ஆஸ்பத்திரிகளைக் கண்டித்தவர் ஆஸ்பத்திரியில் படுக்கலாமா என்று கேட்டவர்கள் உண்டு. அது தமது பலவீனம் என்று காந்தி ஏற்றுக்கொண்டார். ஆனால் அந்த சர்ஜனிடம் கடைசிவரை நன்றியோடு இருந்தார். குடல்வால் வீக்கத்துக்கு மண்பட்டி கட்டிக் காத்திருந்தால் இந்திய சரித்திரம் வேறு மாதிரி ஆகியிருக்கும்.

அம்மை குத்தும் விஷயம்

ஒரு விஷயத்தில் காந்தி வழி தவறு என்று காலம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. அம்மை குத்திக் கொள்வதை அவர் எதிர்த்தார். கன்றின் உடம்பிலிருந்து எடுப்பதை மனித உடம்பில் ஏற்றுவது அவருக்குப் பிடிக்கவில்லை. 1930 தொடக்கத்தில், உப்பு யாத்திரைக்குச் சற்று முன், சபர்மதி ஆசிரமத்தில் பெரியம்மை பரவிக் குழந்தைகள் இறந்தன. அவர் மனம் துடித்தது. கொள்கையை விடவில்லை. ஆனால் அம்மை குத்திக்கொள்ள விரும்பியவர்களை அவர் தடுக்கவும் இல்லை.

அதே அம்மை குத்துதலால்தான் பெரியம்மை உலகத்திலிருந்தே ஒழிந்தது. 1980-ல் உலகச் சுகாதார நிறுவனம் அதை அறிவித்தது. இன்று நம் குழந்தைகளின் தோளில் அந்தத் தழும்பு இல்லை. போடத் தேவையே இல்லாமல் போய்விட்டது.

ஆகாகான் மாளிகையில்

1942 ஆகஸ்ட் 9-ந் தேதி காந்தியைப் பம்பாயில் கைது செய்து, புனா ஆகாகான் மாளிகையில் காவலில் வைத்தார்கள். ஆறாவது நாள் அவருடைய செயலாளர் மகாதேவ தேசாய் மாரடைப்பில் இறந்தார். கஸ்தூரிபாயும் உடன் கைதி. அந்த மாளிகையில்தான் ஆரோக்கியத்தின் திறவுகோல் என்ற சிறு நூலைக் காந்தி எழுதினார். மண், தண்ணீர், ஆகாயம், வெயில், காற்று என்ற ஐந்தையும் கொண்டு உடம்பைக் காப்பது எப்படி என்பதே அதன் விஷயம்.

1943 முடிவில் கஸ்தூரிபாயின் இதயமும் மூச்சுக்குழலும் தளர்ந்தன. உடன் கைதிகளான டாக்டர் சுசீலா நய்யாரும் பம்பாய் டாக்டர் கில்டரும் இங்கிலீஷ் வைத்தியம் செய்தார்கள். புனாவில் இயற்கை வைத்தியசாலை நடத்திய டாக்டர் தின்ஷா மேத்தா வந்து பார்த்தார். ஆயுர்வேதம் வேண்டும் என்று அந்த அம்மாள் ஆசைப்பட்டார். வைத்தியர் சிவ சர்மா வந்தார். இரவில் மாளிகைக்குள் தங்க அவருக்கு அனுமதி தரவில்லை. வாசலில் காரிலேயே படுத்துக் கிடந்தார். காந்தி அரசாங்கத்துக்குக் காரசாரமாக எழுதிய பிறகுதான் உள்ளே விட்டார்கள். மூன்று வைத்தியமும் ஒரு கட்டிலைச் சுற்றி நின்றன. மூன்றாலும் முடியவில்லை.

அப்போது பென்சிலின் என்ற புது மருந்து யுத்தகளத்தில் அற்புதம் செய்து கொண்டிருந்தது. வெளியில் கிடைக்காத மருந்து. கல்கத்தாவிலிருந்து விமானத்தில் கொண்டு வந்தார்கள். மகன் தேவதாஸ் அதைப் போட்டுப் பார்க்கலாம் என்று மன்றாடினார். 1900-ல் எந்தக் கைகள் அவரை இந்த உலகத்துக்கு எடுத்து வந்தனவோ, அந்தத் தகப்பனோடுதான் தாயின் உயிருக்காக அவர் வாதாட வேண்டியிருந்தது. சில மணி நேரத்துக்கு ஒரு தரம் ஊசி குத்த வேண்டும் என்று தெரிந்ததும் காந்தி வேண்டாம் என்றார். போகிற உயிரை நிம்மதியாக விடுங்கள் என்பது அவர் எண்ணம். டாக்டர்களுக்கே அந்த நிலையில் பெரிய நம்பிக்கை இல்லை. 1944 பிப்ரவரி 22-ந் தேதி மாலை, சிவராத்திரி நாளில், காந்தியின் மடியில் கஸ்தூரிபாய் உயிர் நீத்தார். 62 ஆண்டு இல்லறம் முடிந்தது.

ஆறு வாரம் கழித்துக் காந்திக்கு மலேரியா ஜுரம். முதலில் பட்டினியும் பழச்சாறுமாக இருந்தார். ஜுரம் 105 டிகிரிக்கு ஏறியது. பிறகு கொய்னா சாப்பிட்டார். ஜுரம் நின்றது. மனைவிக்கு மறுத்து, தாம் மட்டும் மருந்து சாப்பிட்டாரே என்று சிலர் குற்றம் சொல்வதுண்டு. போகிற உயிரும் தேறக்கூடிய ஜுரமும் ஒன்றல்ல. ஆனாலும் தேவதாசின் ஸ்தானத்தில் நம்மை வைத்துப் பார்த்தால், அந்தக் கேள்வி சுலபமாக ஓயாது.

உருளி காஞ்சன்

1944 மே 6-ந் தேதி விடுதலையானார். ஏழைக்கு ஏற்ற வைத்தியம் எது என்ற எண்ணம் அவரை விடவில்லை. 1945-ல் டாக்டர் தின்ஷா மேத்தாவின் புனா வைத்தியசாலையை ஏழைகளுக்கு ஆக்க ஓர் அறக்கட்டளை ஏற்பட்டது. காந்தி அதன் தலைவர். அந்த இடத்தில்தான், பாபு பவன் என்ற பெயரில், 1986-ல் மத்திய அரசு தேசிய இயற்கை மருத்துவ நிலையத்தைத் தொடங்கியது.

பட்டணத்தில் உட்கார்ந்து கொண்டு கிராமத்து ஏழைக்கு வைத்தியம் செய்வது அசட்டுத்தனம் என்று காந்திக்குச் சீக்கிரமே தோன்றியது. 1946 மார்ச் மாதம் புனாவுக்குக் கிழக்கே உருளி காஞ்சன் கிராமத்துக்குப் போனார். ஒரு வாரம் தங்கி, தினமும் நோயாளிகளைப் பார்த்தார். வெயில் குளியல், இடுப்புக் குளியல், மண்பட்டி, மோர், பழம், ராம நாமம் இவைதான் மருந்து. அவர் போன பிறகு மணிபாய் தேசாய் என்ற இளைஞர் அந்த ஆசிரமத்துக்கே வாழ்நாளைக் கொடுத்தார். இன்றும் அது நடக்கிறது. நாம் புனா, சோலாப்பூர் வழியாகச் சென்னைக்குப் போகும் ரயில் உருளி ஸ்டேஷனைக் கடந்துதான் போகிறது. அடுத்த தடவை ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தால், புனா தாண்டி அரை மணி நேரத்தில் எட்டிப் பாருங்கள்.

1948 ஜனவரி 30-ந் தேதி டில்லியில் குண்டு பாய்ந்து மகாத்மா மறைந்தார். வயது 78.

நமக்கு எது எடுத்துக்கொள்ள?

காந்தியின் எண்ணம் உருவான காலத்தில் இங்கிலீஷ் வைத்தியத்தின் கையில் கொய்னா, அம்மை குத்துதல், மயக்க மருந்து, சர்ஜன் கத்தி போன்ற சில நல்ல ஆயுதங்கள்தான் இருந்தன. மற்றபடி பேதி மருந்தும் பிராந்தியும் மாமிச சூப்பும். அவற்றை அவர் சந்தேகித்ததில் வியப்பில்லை. பென்சிலின் போன்ற கிருமியைக் கொல்லும் மருந்துகள் வந்தபோது அவருக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. பென்சிலின் கஸ்தூரிபாயின் அறை வரை வந்து நின்றது. சயரோகத்துக்கான மருந்தும் அந்த ஆண்டுகளில்தான் கண்டுபிடிக்கப்பட்டது.

அவர் சொன்னதில் நிலைத்து நின்றது எது? அளவாகச் சாப்பிடு, நிறைய நட, சுத்தமான காற்றில் படு, புகையும் குடியும் விடு, இருக்கும் இடத்தைச் சுத்தமாக வை என்பவைதான். சர்க்கரை வியாதிக்கும் ரத்தக் கொதிப்புக்கும் டாக்டர்களே இன்று முதலில் சொல்வது இதைத்தான். தமிழ்நாட்டு அரசே சென்னை அரும்பாக்கத்தில் யோகா, இயற்கை மருத்துவக் கல்லூரி நடத்துகிறது. அங்கே படிப்பு ஐந்தரை ஆண்டு.

அதே சமயம், பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர் படுக்கிற நம்மவர்களுக்கு ஒரு எச்சரிக்கையும் வேண்டும். இருமலும் சளியும் நின்றுவிட்டது என்று சயரோக மாத்திரையைப் பாதியில் நிறுத்தினால், நோய் முன்னைவிடப் பலமாகத் திரும்பும், மருந்துக்கும் கட்டுப்படாது, பக்கத்தில் படுத்திருப்பவரையும் பிடிக்கும். சர்க்கரைக்கு ஊசி போட்டுக் கொள்கிறவர் அதை விட்டுவிட்டுப் பட்டினி கிடந்தால் உயிருக்கே ஆபத்து. குழந்தைக்குத் தடுப்பூசி, பாம்புக்கடி, அடிவயிற்று வலி, பிரசவத்தில் ரத்தப்போக்கு இவற்றில் சோதனை கூடாது. காந்தியே தமது குடல்வாலைக் கர்னல் மேடக்கிடம்தான் ஒப்படைத்தார்.

மராட்டிய மாநிலத்திலேயே அவர் நினைவாக இரண்டு இடங்கள் நிற்கின்றன. ஒன்று உருளி காஞ்சன் இயற்கை வைத்திய ஆசிரமம். மற்றொன்று வார்தா பக்கத்தில் சேவாகிராமத்தில் உள்ள கஸ்தூரிபா ஆஸ்பத்திரியும், மகாத்மா பெயரில் 1969-ல் தொடங்கிய மருத்துவக் கல்லூரியும். அந்தக் கல்லூரியைத் தொடங்கியவர், ஆகாகான் மாளிகையில் கஸ்தூரிபாயின் கட்டிலருகே இருந்த அதே டாக்டர் சுசீலா நய்யார்தான். ஒன்றில் மண்பட்டி கட்டுகிறார்கள், மற்றொன்றில் பென்சிலின் ஊசி போடுகிறார்கள்.